என் கட்சிக்கு எஸ்தர் பேசினாள்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கணக்குத் தப்பவில்லை — என் கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு பேரும் என் அடுப்பில்தான் சாப்பிட்டார்கள். ஏழில் ஒன்றுகூட என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மாதம் வரைக்கும்.

எட்டாவதாக வந்து சேர்ந்தவள் எஸ்தர். என் கடைசி மகளின் மகள். மகள் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்டு மாறி மாறி வரும் என்பதால் பிள்ளையை என்னிடம் விட்டிருக்கிறாள். ஆமத்தூர் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் வாயால் சொல்ல, பேப்பரில் வருகிற இந்தப் பத்தியை வாராவாரம் எழுதுகிற கையும் அவளுடையதுதான்.

எனக்கு எழுத்து எவ்வளவு என்று புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயரை எழுதுவேன். பஸ் போர்டு வாசிப்பேன். வேதப்புத்தகம் பெரிய எழுத்தாக இருந்தால் விரல் வைத்து வாசிப்பேன். அவ்வளவுதான். அதற்காக நான் கூச்சப்பட்டதும் இல்லை. போன வாரம் மினி பஸ் கண்டக்டரைப் பற்றிச் சொல்லப்போய், அவர் நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். படித்தவர்கள் எத்தனை பேருக்கு அது நடக்கும்?

சரி, இந்த வார விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்தர் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. சின்ன வகுப்பில் எல்லாம் மனப்பாடம். நடு வகுப்பில் ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்கப் பழக்குவார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு பீரியடு பேச்சு வகுப்பு. பேச்சு என்றால் கோப்பை வாங்குகிற மேடைப் பேச்சு இல்லை. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் வைப்பது, எதிரில் இருக்கிறவன் என்ன மறுப்புச் சொல்வான் என்று முன்கூட்டியே எப்படி யோசிப்பது... இப்படி. பழைய காலத்தில் திருச்சபை நடத்திய பள்ளிகளில் இந்த வரிசையில்தான் படிப்பு இருந்ததாம். நடத்துகிறவர் கிரேஸ் டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போடவே மாட்டார். சத்தம் போடாதவர்களிடம்தான் நான் எச்சரிக்கையாக இருப்பேன்.

அந்த வகுப்பு என் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது தெரியுமா?

“ஏத்தா, ஈரத் தலையோட வெளிய போகாத. சளி பிடிக்கும். பாக்கிறவுகளும் ஒரு மாதிரி பேசுவாக.”

“அம்மாச்சி, நீங்க ரெண்டு காரணத்தை ஒண்ணாச் சேத்துச் சொல்லுதீக. ஒண்ணு உடம்பு. இன்னொண்ணு ஊரு. நான் எதுக்குப் பதில் சொல்லணும்?”

“வெங்காயத்தை உரி. அதுதான் பதில்.”

உரித்தாள். உரித்துக்கொண்டே, “இது பதில் இல்ல அம்மாச்சி, பேச்சை மாத்துறது. அதுக்கும் ஒரு பேரு இருக்கு” என்றாள்.

எனக்கு எப்படி இருக்கும்?

நான் மட்டும் இல்லை. பல வீட்டிலும் இதே கதைதான். “டிவிய அமத்துடான்னா, ‘மறுபக்கத்தையும் கேளுங்கப்பா’ங்கான்” என்று ஒரு அப்பா புலம்பினார். அதோடு பரீட்சைப் பயம் வேறு. பிளஸ் டூ மார்க், அதற்கு மேல் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு... இரண்டு பீரியடில் எத்தனை கணக்குப் போடலாம்? பெற்றோர் பலர் போய்த் தாளாளரிடம் முறையிட்டோம். பலரில் முதல் ஆள் யார் என்று கேட்காதீர்கள்.

தாளாளர் நிதானமானவர். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் போடுகிறேன், அங்கே முடிவெடுப்போம் என்றார். கிரேஸ் டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டாராம். “வகுப்பைப் பற்றிப் பிள்ளைகளே இரண்டு பக்கமும் பேசட்டும். வேண்டும் என்று ஒருவர், வேண்டாம் என்று ஒருவர். கேட்டுவிட்டுப் பெற்றோர் முடிவு செய்யட்டும்.”

சீட்டுக் குலுக்கினார்கள். வேண்டும் என்ற சீட்டு ரூபன் என்கிற பிளஸ் டூ பையனுக்கு. மூட வேண்டும் என்ற சீட்டு... எஸ்தருக்கு.

வீட்டுக்கு வந்து பையைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதாள். அந்த வகுப்புக்காகத்தான் அவள் பள்ளிக்கூடமே போகிறாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எனக்கு வீட்டிலேயே ஒரு வக்கீல் கிடைத்தாளே!

“அழுகாத. ஒப்புக்கு நாலு வார்த்தை பேசிட்டு வந்திரு. நீ தோத்தா வகுப்பு நடக்கும். அதுதான உனக்கு வேணும்?” என்று நானே வழி சொல்லிக் கொடுத்தேன். அவள் அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“அப்படிப் பேசக் கூடாதாம். தோக்கணும்னே பேசுனா அது பொய்யாம். டீச்சர் சொல்லிட்டாக.”

அந்த டீச்சர் இன்னொரு நிபந்தனையும் போட்டிருந்தார். எந்தக் கட்சிக்குப் பேசுகிறோமோ, அந்தக் கட்சியை உண்மையிலேயே நம்புகிற ஓர் ஆளைத் தேடிப் போக வேண்டும். அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். பிறகு அதைத் திருப்பி அவருக்கே சொல்லிக் காட்ட வேண்டும். “ஆமா, நான் நினைக்கிறது இதுதான்” என்று அவர் வாயால் சொல்கிற வரைக்கும் விடக் கூடாது.

எஸ்தருக்குத் தேடிப் போகிற வேலை இல்லை. ஆள் அடுப்படியில் இருந்தது.

மூன்று நாள் சாயங்காலம் கேட்டாள். நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கேட்டாள். நீங்களே சொல்லுங்கள் — எழுபத்தொரு வயதில் உங்கள் பேச்சை யாராவது மூன்று நாள் குறுக்கிடாமல் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு முதல் நாள் பேச்சே வரவில்லை. இரண்டாம் நாள் நிறுத்த முடியவில்லை.

நான் பட்டாசுக் கம்பெனியில் வெடி மருந்து வேலை பார்த்தவள். இருபது வருசத்துக்கு மேல். மருந்து ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வாசல் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். செருப்பு கிடையாது, வளையல் கிடையாது, பேச்சு கிடையாது. பேச்சில் கவனம் போனால் கையில் கவனம் இருக்காது. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்ததால்தான் உயிரோடு வீடு வந்து சேர்ந்தேன். அதே ஒழுக்கத்தில்தான் பிள்ளைகளையும் வளர்த்தேன். எதிர்ப் பேச்சுப் பேசுகிற பிள்ளையை எந்த வேலையில் வைத்துக்கொள்வார்கள்? எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

மூன்றாம் நாள் இதையெல்லாம் அவள் திருப்பிச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. “ஆமாத்தா, இதுதான் நான் நினைக்கது. என் ஏழு பிள்ளைக கையிலயும் பத்து விரலும் பத்திரமா இருக்கு. அதையும் சேத்து எழுது” என்றேன்.

எழுதினாள். எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“சீனியம்மா பாட்டி கையில?”

சீனியக்கா என் கூட வேலை பார்த்தவள். இப்போது தாயில்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறாள். வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விட்டது. மருந்து தீப்பற்றியதில் அப்படி ஆனது. இவ்வளவுதான் எஸ்தருக்குத் தெரியும். இவ்வளவுதான் ஊருக்கும் தெரியும்.

மீதியை அன்றைக்கு எஸ்தரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? மூன்று நாளாக ஒருத்தி வாயைத் திறக்காமல் கேட்டால், உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. சொல்லி முடித்ததும் பயம் வந்தது. “இத நீ அங்கன சொல்லக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு” என்றேன். சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னைக்கு நீங்க வாயத் திறக்காம இருந்தது, மருந்துக்குப் பயந்தா அம்மாச்சி, மனுசருக்குப் பயந்தா?”

வெங்காயத்தை உரி என்று சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. பிளஸ் டூ வகுப்பு ரூமில் கூட்டம். பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பெரியவர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். வேலையிலிருந்து நேராக வந்தவர்களின் நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பவுடர் மின்னியது. முதலில் ரூபன் பேசினான். நல்ல பையன், நல்ல குரல். இரண்டு வேத வசனம் சொன்னான், எங்கோ ஒரு தேசத்து ராஜா கதை சொன்னான். பெஞ்சில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

பிறகு எஸ்தர்.

அவள் எங்கள் பேச்சையே பேசினாள். “எங்க வீடுகள்ல ஒரு பிள்ளைக்கு முதல்ல சொல்லிக் குடுக்கது, கவனமா இரு, வாய மூடிக்கிட்டு இருங்கதுதான். அது கோபத்துல சொன்ன வார்த்தை இல்ல. பிள்ளை உயிரோட இருக்கணும்னு சொன்ன வார்த்தை” என்று ஆரம்பித்தாள். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்து ரூமைச் சொன்னாள். என் இருபது வருசத்தைச் சொன்னாள். நுழைவுத் தேர்வைச் சொன்னாள். பிள்ளை படித்து மேலே போனால் போதும் என்று ராத்திரி பகலாக வேலை பார்க்கிற அப்பாவைச் சொன்னாள். அந்த டிவி அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் ஏழு பிள்ளைகளின் எழுபது விரலைச் சொன்னாள். சீனியக்காவைச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா?

பேசி முடித்ததும் நோட்டை மூடினாள்.

“வகுப்பை நிறுத்திவிடலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்” என்றார் தாளாளர்.

எண்ண வேண்டிய தேவையே இல்லை. ரூமே கையாக இருந்தது. அதில் என் கையும் ஒன்று. தூக்கிய கையோடு நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் அழவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் நேராக நின்று, தன் வகுப்பு மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லாமல், அரைகுறையாகப் பேசாமல், தனக்கு வேண்டியதைத் தானே தோற்கடித்துவிட்டு நின்றாள். கிரேஸ் டீச்சர் முகத்தில் கோபம் இல்லை. ரூபன்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

இந்தப் பிள்ளை எனக்காக இவ்வளவு செய்ததே... நான் அவளிடம் சத்தியம் வாங்கி ஒன்றை மறைத்து வைத்தல்லவா ஜெயித்திருக்கிறேன்?

கையை இறக்கினேன். எழுந்து நின்றேன்.

“ஐயா, ஒரு நிமிசம். இவ பேசினது அம்புட்டும் என் பேச்சு. ஒண்ணை மட்டும் விட்டுட்டா. விடச் சொன்னதும் நான்தான்.”

தாளாளர், “சொல்லுங்கம்மா” என்றார்.

சொன்னேன். இருபத்தைந்து வருசத்துக்கு முந்திய விஷயம். நான் மருந்து சலிப்பேன், சீனியக்கா அதை அள்ளிப் புஸ்வாணப் பூச்சட்டிக்குள் செலுத்துவாள். சீசன் நேரம். சல்லடையின் ஓரத்தில் வலை கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக மண் குருணை மருந்தோடு இறங்கியது. மருந்தில் மண் சேர்ந்தால் உரசும். உரசினால் என்ன ஆகும் என்று இந்த ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

“ரெண்டு நாளாப் பாத்தேன். போர்மேன்ட்ட சொல்லணும்னு போயி நின்னேன். என்னம்மான்னாக. ஒண்ணுமில்லங்கய்யான்னு வந்துட்டேன். மறுநாளும் போனேன். மறுநாளும் ஒண்ணுமில்லங்கய்யா. சொல்லக் கூடாதுன்னு இல்ல. எப்படிச் சொல்லன்னு தெரியல. கிழிஞ்சிருக்குன்னா, நீதான் கிழிச்சியாம்பாக. மாத்திக் குடுங்கன்னா, சீசன்ல வேலைய நிறுத்தவாம்பாக. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? எனக்குத் தெரியல. மூணாம் நாள் காலையில பத்திக்கிச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. அக்காவுக்குக் கை போச்சு.”

மூச்சு வாங்கியது. விடவில்லை.

“எதிராளி என்ன சொல்லுவான், அதுக்கு நாம என்ன சொல்லணும்னு இங்கன சொல்லிக் குடுக்காகளாம். எனக்கு அன்னைக்கு அதுதான் இல்லாமப் போச்சு. என் பிள்ளைக என்னை எதுத்துப் பேசலன்னு பெருமை பேசினேன். அதுக யாரையும் எதுத்துப் பேசாது. பேச வேண்டிய எடத்துலயும் பேசாது. அப்படித்தான வளத்திருக்கேன்?”

டிவி அப்பா எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். “அம்மா, நீங்க இப்ப நல்லாத்தான பேசுனீக? நீங்க எந்த வகுப்புல படிச்சீக?”

சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமான கேள்வி என்றுதான் பட்டது.

“இருவத்தஞ்சு வருசம் லேட்டாப் பேசுதேன் தம்பி. உங்க மகனும் அம்புட்டு வருசம் கழிச்சுப் பேசினாப் போதுமா?”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி கை தூக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை எண்ண வேண்டியிருந்தது. இரண்டு தடவை எண்ணினார்கள். ரூம் பாதிக்குப் பாதி பிரிந்து கிடந்தது. கடைசியில் தாளாளர் ஒரு முடிவு சொன்னார்: வகுப்பு இருக்கும், ஆனால் இரண்டு பீரியடு ஒன்றாகும். மற்றது கணக்குக்கு. கிரேஸ் டீச்சர் சரி என்று தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. எனக்கு இரண்டு பீரியடும் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கும் போவேன். அதற்கும் அடுத்ததற்கும் போவேன். தாளாளர் ஐயா இந்தப் பத்தியை வாசிக்கிறவர். எனவே இதை முன்னறிவிப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் அப்படியே நடந்தோம். அங்கே வந்ததும் எனக்கு உறைத்தது. ஊரையே கூட்டி வைத்துச் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னேனா? இருபத்தைந்து வருசத்தில் எத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன்... எத்தனை தடவை அந்தக் கையில் காபி வாங்கிக் குடித்திருக்கிறேன்!

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தாயில்பட்டிக்குப் போனேன். சீனியக்கா இடது கையால் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லுமுன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் ‘ஒண்ணுமில்லக்கா’ என்று வந்துவிடுவேனோ என்று பயம்.

எல்லாவற்றையும் கேட்டாள். கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“ஏட்டி ஞானம், இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?”

“ஆமக்கா.”

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கிழிசல். நீ சலிச்சுப் போட்டத அள்ளினது நான்தான? ரெண்டு நாளா நரநரன்னு கையில தட்டுச்சு. நானும் யார்ட்டயும் சொல்லல.”

“ஏன்க்கா?” என்று கேட்டேன்.

“நீ ஏன் சொல்லல? அதேதான்.” ஒரு கொத்துக் கீரையை எடுத்து உதறினாள். “நீ போர்மேன்ட்ட சொல்லல, சரி. போர்மேன் பெரிய ஆளு. நீயும் நானும் ஒரு கை தூரத்துலதான உக்காந்திருந்தோம்? ஒனக்கு நான் சொல்லல, எனக்கு நீ சொல்லல. அத நெனச்சுப் பாரு மொதல்ல.”

அதைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய மனிதர்களிடம் பேசத்தான் நமக்குத் தெரியாது என்று நினைத்தேன். பக்கத்தில் இருக்கிறவளிடமே தெரியவில்லையே!

கிளம்பும்போது கேட்டாள். “பேப்பர்ல எழுதப் போறியாக்கும்?”

“நீ வேண்டாம்னா எழுதல.”

“எழுது. என் பேரப் போட்டே எழுது. ஆனா, பாவம் சீனியம்மான்னு எழுதின... இந்த வாசல மிதிக்காத. அச்சுக்குக் குடுக்கதுக்கு முன்ன வந்து எனக்கு வாசிச்சுக் காட்டணும். என் பேத்தியும் அடுத்த வருசம் பிளஸ் ஒன்னு. அவளையும் அந்த டீச்சர்ட்ட சேத்து விடு.”

நாளைக்குப் போகிறோம், எஸ்தரும் நானும்.

ஏத்தா எஸ்தர், பேனாவை வை. முதல்ல இருந்து எனக்கு ஒரு தடவை வாசி. மெதுவா வாசி. எந்த இடத்துலயாவது நான் என்னை நல்லவளாக்கிச் சொல்லியிருந்தா... அங்கன நிறுத்து.